பூப்பறிக்க ஒரு கோட்டு

கோயமுத்தூர்
20.1.1995

சாந்தாமணியின் அப்பாவுக்கு வள்ளியாத்தாள் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இந்தப் பனியில் தலைக்குத் துண்டு கட்டாமல் தண்ணீர் பாய்ச்சப் போகிறீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பேத்திக்கு ஐந்து மாதம் நிறைந்துவிட்டது. ரித்திகா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். போன வாரம் குப்புற விழுந்தாள். கொழுக்கட்டை அவித்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். இந்தத் தெருவில் இவளைப் போல ஒரு குழந்தை இல்லை. நான் பாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை. கொழுக்கட்டை வாங்கியவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வரலட்சுமி டீச்சர் பூந்தோட்டம் வைத்திருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள்தான். காலையில் செடிக்குத் தண்ணீர் விட வரும்போது சேலைக்கு மேலே தொளதொளவென்று ஒரு பருத்திக் கோட்டுப் போட்டு வருகிறார்கள். அதில் இரண்டு பை. ஒன்றில் கத்தரிக்கோல், இன்னொன்றில் பறித்த பூ. தலையில் ஓலைத் தொப்பி. வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே, "அந்த மஞ்ச ரோஜாவெ விட்டுட்டயே" என்று சொல்வார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். தொட்டில் ஆட்டும்போது எனக்கு வேறு வேலை இல்லாததால் மனசுக்குள்ளே துணி தைக்கிறேன். நமக்கு ஒரு பூந்தோட்டம் இருந்தால் பங்குனி மாதக் காலையில் பூப்பறிக்க என்ன போட்டுக்கொள்வேன் என்று. கத்தரிப்பூக் கலரில் ஒரு கோட்டு. கை தொளதொளவென்று இருக்க வேண்டும், மடித்துவிட வசதியாக. உள்ளே வெள்ளை வாயில் சேலை, பொடிப்பொடியாகப் பூப் போட்டது. பை மூன்று வேண்டும். மூன்றாவது எதற்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நமக்குப் பூந்தோட்டம் இல்லை என்பது எனக்கும் தெரியும். கிணற்று மேட்டில் நான் வைத்த கனகாம்பரத்தை நீங்கள் பிடுங்கிவிட்டு மிளகாய் நட்டதும் மறக்கவில்லை.

இன்னொரு சங்கதி. பத்து நாளைக்கு என்று வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது அல்லவா. நேற்று சாந்தாமணி, "அம்மா, பாப்பா ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இங்கயே இருந்துக்கம்மா. அப்பாவெ அத்தை பாத்துக்குவாங்கல்ல" என்றாள். மூன்று வருஷம். அவளுக்கும் ஆபீஸ் இருக்கிறது, பாவம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வள்ளியாத்தாள்


தோட்டம், கோபிசெட்டிபாளையம் வழி
30.1.1995

வள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மோட்டார் ஒருமுறை புகைந்து, புதுக் காயில் கம்பி சுற்றி மாட்டியாகிவிட்டது. மஞ்சள் வெட்டு அடுத்த வாரம். மாசாணியக்கா சமைக்கிறாள். உப்பு அதிகம். சொன்னால், "உம்பொண்டாட்டி போட்டா அமுதம், நாம் போட்டா உப்பா?" என்கிறாள். சொல்வதை விட்டுவிட்டேன்.

நீ கேட்ட விஷயம். உன் இஷ்டம்.

கோட்டு எதற்கு? தோட்டத்து வேலைக்கு எல்லாப் பொம்பளைகளும் ஆம்பளையின் பழைய சட்டையைத்தானே சேலைக்கு மேலே போடுகிறார்கள். பெட்டியில் என் சட்டை நாலு கிடக்கிறது. கனகாம்பரம் விஷயம், அந்த வருஷம் மிளகாய்க்கு நல்ல விலை.

கை தொளதொள என்று எழுதியிருக்கிறாய். முழங்கை மட்டுமா, மணிக்கட்டு வரைக்குமா என்று எழுதவில்லை.

மயில்சாமி


கோயமுத்தூர்
9.2.1995

சாந்தாமணியின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கன்றுக்குச் சீம்பால் முழுவதும் விடச் சொல்லுங்கள். உங்கள் அக்கா, எங்கள் நங்கையாள், சட்டியோடு நிற்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

"உன் இஷ்டம்" என்ற இரண்டு வார்த்தையை மூன்று நாளாகப் படித்துப் பார்த்தேன். உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்குவதா புண்ணாக்கு வாங்குவதா என்று கேட்டாலும் நீங்கள் இதைவிடக் கூடுதலாகப் பேசுவீர்கள்.

கோபத்தில் இன்னும் இரண்டு உடுப்பு யோசித்துவிட்டேன். இவை வெளியே போவதற்கு.

ஒன்று கொடிவேரி அணைக்கு. மாம்பழக் கலர் சேலை, இலைப்பச்சைக் கரை. ரவிக்கை அதே இலைப்பச்சை. கை முழங்கை வரை வந்து அங்கே சின்னதாகப் பஃப் வைத்துச் சுருக்க வேண்டும். நான் அஞ்சாம் வகுப்புப் படித்தபோது எங்கள் டீச்சர் அப்படித்தான் போட்டு வருவார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஆசை. உங்களுக்கும் யோசித்தேன். வெள்ளைச் சட்டை வேண்டாம். இளஞ்சந்தனக் கலரில் முழுக்கைச் சட்டை, பித்தளை நிறத்துப் பொத்தான். தோளில் துண்டு கூடாது.

இன்னொன்று ஊட்டிக்கு. ரோஜாக் கலர் கம்பளிச் சால்வை, உங்களுக்குச் சாம்பல் கலர் மப்ளர். செருப்புக்குள் காலுறை போடுவதா என்பதில் எனக்கே சந்தேகம். பூக்கள் நடுவே நின்று ஒரு போட்டோ.

முப்பத்தாறு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எங்கே போயிருக்கிறோம்? கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி. அதிலும் நீங்கள் பத்தடி முன்னால். உங்கள் சட்டையின் முதுகுத் தையல் எனக்கு மனப்பாடம்.

குறை சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதும்போது வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

சாந்தாமணி பிறந்து எனக்குக் காய்ச்சல் கண்டு நாற்பது நாள் எழுந்திருக்காமல் கிடந்தேனே. என் அம்மா இல்லை. உங்கள் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. தினமும் காலையில் என் சேலை துவைத்துக் காய்ந்து தலைமாட்டில் இருக்கும். வண்ணாத்தி வந்து போகிறாள் என்று சொன்னீர்கள். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். எந்த வண்ணாத்தியும் சேலையை வேட்டி மடிக்கிற மாதிரி நாலாக மடிக்க மாட்டாள். மடிப்புக்குள் சோளத்தட்டுத் தூள் இருந்தது. நீங்கள் ஊர் எழுவதற்கு முன் மாட்டுத் தீவனக் கூடையில் மறைத்து வைத்து வாய்க்காலுக்குக் கொண்டுபோய்த் துவைத்தீர்கள். பொண்டாட்டி சேலையைத் துவைக்கிற ஆம்பளை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் காலத்தில் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

அதற்கு நான் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று விட்டேன். இப்போது எழுத்தில் சொல்கிறேன். கடிதத்துக்கு முகம் கிடையாது.

அந்த மனுஷர்தான் "உன் இஷ்டம்" என்று எழுதுகிறார்.

கை, மணிக்கட்டு வரைக்கும்.

வள்ளியாத்தாள்


தோட்டம்
21.2.1995

வள்ளிக்கு,

கடிதத்தை வரப்பில் வைத்துப் படித்தேன். மஞ்சள் வெட்டுகிற ஆட்கள் பார்க்கிறார்கள் என்று பாதியில் மடித்துப் பையில் வைத்து, மீதியைக் களத்தில் போய்ப் படித்தேன்.

உனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மட்டும் செங்காட்டுக்காரர் பார்த்துவிட்டார். கோணிப்பை அலசுகிறேன் என்றேன். கோணிப்பையில் சிவப்புக் கரை இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வெளியே சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

"உன் இஷ்டம்" என்று எழுதியதற்கு உனக்குக் கோபம். நான் என்ன எழுதட்டும்? வா என்றால் மகளுக்கு ஒத்தாசையைப் பிடுங்குகிற மாதிரி. இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உன் இஷ்டம் என்று எழுதினேன்.

கிணற்று மேட்டில் இரண்டு செண்டு நிலம் சும்மா கிடக்கிறது. வெங்காயம் போடலாம் என்று உழுது வைத்திருக்கிறேன்.

உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா வந்து, "ஏன்டா தம்பி, அவ பொட்டியெ எதுக்குடா கொடையறே?" என்றாள். பாச்சை உருண்டை போடுகிறேன் என்றேன். "முப்பது வருசமா இல்லாத பாச்சை இப்ப எங்கிருந்து வந்துது?" என்று கேட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள். அப்புறம் போய் நிஜமாகவே பாச்சை உருண்டை வாங்கிவந்து போட்டேன்.

இலைப்பச்சை என்றால் எந்த இலை? வாழைக் குருத்தா, முத்தின இலையா? எழுது.

மயில்சாமி


கோயமுத்தூர்
4.3.1995

சாந்தாமணியின் அப்பாவுக்கு,

கவரைப் பார்த்ததும் திகைத்திருப்பீர்கள். இதுவரை விலாசத்தைச் சாந்தாமணிதான் எழுதினாள். இந்த முறை நானே எழுதினேன். உங்கள் பெயரை வாயால் சொன்னதில்லை, கையாலும் எழுதியதில்லை. எழுதி முடித்ததும் யாரோ பார்த்துவிட்டது போல் இருந்தது. கோவித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். நான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இந்த உடுப்புகளைப் பென்சிலால் வரைந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்குப் படம் வராது. ஆள் மண்பானை மாதிரி இருக்கும், உடுப்பு மட்டும் சரியாக இருக்கும். சாந்தாமணி உறை மாற்றும்போது எடுத்துப் பார்த்துவிட்டாள். "ஏம்மா, பேத்தி எடுத்த வயசுல பஃப் கையா? இதெப் போட்டுட்டு எங்க போவெ?" என்று சிரித்தாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டப் போனாள். நான் பிடுங்கிக் கிழித்துவிட்டேன். அவள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. உடனே முகம் வாடிவிட்டது. ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னவோ திருடிக்கொண்டு அகப்பட்டுக்கொண்ட மாதிரி.

மறுநாள் என்னைச் சமாதானப்படுத்த என்று சின்ன அறையில் எனக்காக ஒரு பீரோ வாங்கி வைத்தாள். புதுசு. கண்ணாடி வைத்தது. "இனிமே உன்ற துணியெல்லாம் இதுல வெச்சுக்கலாம்மா" என்றாள். பையில் கிடந்த துணிமணியை அவளே அடுக்கினாள். ஒரு தட்டுக்கூட நிறையவில்லை. கண்ணாடியில் நானும் அந்தக் காலித் தட்டுகளும் தெரிந்தோம். பீரோ வந்துவிட்டால் அப்புறம் அந்த வீடுதான் என்று ஆகிவிடும் அல்லவா.

பங்குனி முடிவதற்குள் நான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் தேட வேண்டும் என்கிறாள். அவள் கேட்பதில் தப்பே இல்லை. பேத்தியை விட்டுப் போக எனக்கும் மனசு வராது. இப்போது தவழப் பார்க்கிறாள், என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். ஆனால் இங்கே மண் கிடையாது. காலையில் எழுந்ததும் காலில் மண் படாமல் ஒரு நாள் ஆரம்பிப்பதற்கு எனக்கு இன்னும் பழகவில்லை.

இனிமேல் உடுப்பைப் பற்றி எழுத மாட்டேன். நீங்கள் கேட்டதற்கு மட்டும் கடைசியாகப் பதில். வாழைக் குருத்து.

வள்ளியாத்தாள்


தோட்டம்
16.3.1995

வள்ளிக்கு,

கவரில் உன் எழுத்தைப் பார்த்தேன். என் பெயர் உன் கையில் நன்றாகத்தான் இருக்கிறது. தபால்காரர் இரண்டு தரம் கூப்பிட்டார். நான் கவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதனுடன் ஒரு பார்சல் வரும். பிரித்துப் பார். பார்ப்பதற்கு முன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கத்தரிப்பூக் கலர் என்று எழுதியிருந்தாய். ஜவுளிக் கடையில் போய் எப்படிச் சொல்வது? காட்டிலிருந்து ஒரு கத்தரிப்பூப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோபிக்குப் போனேன். பஸ்ஸில் கூட்டம். கடையில் எடுத்தபோது பூ கசங்கிக் கறுத்துப் போயிருந்தது. கடைக்காரர் அந்தக் கசங்கின கலருக்கே பொருத்தமாகத் துணி எடுத்துவிட்டார். அதனால் கொஞ்சம் அடர்த்தி. வாழைக் குருத்துக்கு ஒரு துண்டு குருத்தே கொண்டுபோனேன். அது சரியாக வந்தது.

தையல்காரர் நரசிம்மலுவிடம் கொடுத்தேன். அளவு ரவிக்கை கேட்டார். நீ இருந்ததையெல்லாம் கோயமுத்தூருக்கு எடுத்துப் போய்விட்டாய். பெட்டியின் அடியில் ஒன்றே ஒன்று வெள்ளைத் துணியில் சுற்றி இருந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தால் அதுதான் சரியான அளவாக இருக்கும் என்று அதைக் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார்.

"பேத்திக்குங்களா?" என்றார்.

"பேத்தி தொட்டில்ல கெடக்குது. ஊட்டுக்காரிக்குங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மிணியெ நான் பாத்திருக்கறனுங்களே."

"பாத்தா என்னங்க? நீங்க தைக்கறது கண்ணெ வெச்சா, டேப்பெ வெச்சா?"

"டேப்பெ வெச்சுத்தானுங்க."

"அப்பறென்ன, தையுங்க."

அவர் தைத்துக்கொண்டே இரண்டு தரம் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

கோட்டில் மூன்று பை வைத்திருக்கிறார். மூன்றாவது எதற்கு என்று கேட்டார். எங்களுக்கே தெரியாது என்றேன்.

சாந்தாமணி சிரித்தால் சிரிக்கட்டும். போட்டுப் பார்த்து எழுது.

மயில்சாமி


கோயமுத்தூர்
25.3.1995

சாந்தாமணியின் அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. வாசலிலேயே உட்கார்ந்து பிரித்தேன். கோட்டை முகத்தில் வைத்துப் பார்த்தேன். புதுத் துணி வாசனையோடு துளி பாச்சை உருண்டை வாசனையும் இருந்தது. உங்களைப் பக்கத்தில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

போட்டுப் பார்த்தேன். ஒரு கை முழங்கை வரை போயிற்று. அப்புறம் போகவும் இல்லை, வரவும் இல்லை. சாந்தாமணி ஒரு பக்கம் இழுத்தாள், மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ரித்திகா கைதட்டினாள். பஃப் ரவிக்கையின் கொக்கி இரண்டு பக்கமும் சந்திக்க நடுவில் ஒரு சாண் இருக்கிறது.

நீங்கள் கொடுத்தது என் கல்யாண ரவிக்கை. எனக்குப் பதினெட்டு வயது அப்போது.

சாந்தாமணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் கோட்டை மடியில் போட்டு மடிப்பை நீவிவிட்டாள். "அப்பா கண்ணுக்கு நீ இன்னும் இந்த அளவுதாம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு நீ வேணும்னு தெரியுது. எனக்கும் வேணும்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். படத்தைப் பார்த்துச் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். என் மகள் நல்லவள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்தது வீண் போகவில்லை.

உங்களுக்கு என்ன சொல்லி நன்றி எழுதுவது என்று தெரியவில்லை. கத்தரிப்பூவைப் பையில் வைத்துக்கொண்டு கூட்ட பஸ்ஸில் நின்ற மனுஷரை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. சரியான அளவில் தைத்து அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேனா என்று தெரியாது.

ஆனால் ஒன்று. மகள் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நீங்கள் துணி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எதிலும் அந்த ஒரு வார்த்தை இல்லை. உடுப்பைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டு வந்துவிட்டால், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும். நீங்கள் சொன்னீர்களா, நானாக வந்தேனா என்று. பங்குனி முடிய இன்னும் இருபது நாள்.

வள்ளியாத்தாள்


தோட்டம்
1.4.1995

வள்ளிக்கு,

வந்துவிடு.

இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் மாடு கன்று என்று ஆரம்பித்து விட்டுப்போய்விடும்.

நீ இங்கே வேண்டும். அக்கா சமையல் உப்பு என்பதற்காக இல்லை. அவள் இப்போது உப்பைக் குறைத்துவிட்டாள். காலையில் எழுந்து இன்றைக்கு இன்ன வேலை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். மாட்டிடம் சொல்கிறேன். அது காதை ஆட்டுகிறது, நீ மறுத்துப் பேசுவாய். எனக்கு மறுத்துப் பேச ஆள் வேண்டும்.

சாந்தாமணியிடம் நீ ஒன்றும் சொல்லாதே. நான் வந்து கேட்கிறேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் உன்னை நிற்க வைத்தது என் தப்பு.

வெங்காயம் என்று எழுதியது பொய். கிணற்று மேட்டில் இரண்டு செண்டிலும் பூச்செடி வைத்திருக்கிறேன். மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி, நாலு ரோஜா. அக்கா, "பூவுக்கு ஊத்தற தண்ணியெ எருமைக்கு ஊத்துனா பாலாச்சும் வரும்" என்கிறாள். செடியெல்லாம் பிழைத்துவிட்டது. தினமும் தண்ணீர் விட வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் வாரேன்.

மயில்சாமி


தோட்டம்
20.4.1995

சாந்தாமணியின் அப்பாவுக்கு,

இடம் மாறி உட்கார்ந்து எழுதுகிறோம். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

நீங்கள் வந்து தின்பண்டப் பையைக்கூடக் கீழே வைக்காமல் மகளிடம், "உங்கம்மாவெ நான் கூட்டிட்டுப் போறேன் கண்ணு, எனக்கு வேணும்" என்று சொன்னபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அவள் அழுததும் நீங்கள் தடுமாறியதும் தெரிந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரலட்சுமி டீச்சர் சொன்ன அன்னூர் அம்மாவுக்கு மே முதல் வாரம்தான் வர முடியும் என்று தெரிந்தது. அப்போது நீங்கள் சொன்னீர்கள். "அது வரைக்கும் நாந் தொட்டில் ஆட்டறேன். இவ போயிச் செடிக்குத் தண்ணி ஊத்தட்டும்." மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வாய்க்காலில் என் சேலையைத் துவைத்தவருக்குத் தொட்டில் ஒரு பெரிய காரியமா? இந்த முறை ஒளித்துச் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தோட்டத்தைப் பார்த்தேன். மல்லிகைக்கு வெங்காயப் பாத்தி கட்டியிருக்கிறீர்கள். ரோஜா நாலும் மஞ்சள் நடுகிற பார் வரிசை போலக் கயிறு பிடித்து நட்ட மாதிரி நிற்கிறது. பூந்தோட்டம் இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மாற்ற மாட்டேன். மல்லிகை நாளுக்குக் கைப்பிடி பூக்கிறது. நங்கையாள் எருமைக்காகப் பரிந்து பேசிக்கொண்டே தினமும் இரண்டு முழம் கட்டி வாங்கிப் போகிறார்கள்.

நரசிம்மலுவிடம் போனேன். என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி, நான் பைத்தியமாயிட்டனோன்னு பயந்துட்டே இருந்தனுங்க" என்று எழுந்து நின்று கும்பிட்டார். டேப் வைத்து அளந்தார். அதே துணியில் வேறு கோட்டு. கசங்கின கத்தரிப்பூக் கலரே எடுத்தேன். புதுப் பூக் கலரும் கடையில் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் பூப்பறிக்கிறேன். முதல் நாள் வரப்பில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். செங்காட்டுக்காரர் சம்சாரம், "எங்க கண்ணு வாங்குனே, எனக்கொண்ணு தெச்சுக் குடு" என்று கேட்டுவிட்டுப் போனாள். நானே யோசித்த உடுப்பு என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பேத்திக்குப் பருப்புக் கடைந்து ஊட்டும்போது ஆறவையுங்கள். நீங்கள் சாப்பிடுகிற சூட்டில் கொடுத்துவிடாதீர்கள். அவள் முந்தி தேடி அழுதால் என் பழைய சேலை ஒன்று பீரோவில் விட்டு வந்திருக்கிறேன், கையில் கொடுங்கள்.

எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. ஒரு ஆள்தான் பாக்கி.

வள்ளியாத்தாள்


கோயமுத்தூர்
29.4.1995

வள்ளிக்கு,

அன்னூர் அம்மா இன்று காலை வந்து சேர்ந்துவிட்டார். சொன்னதற்கு முன்னாலேயே. பாப்பா ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவர் மடிக்குப் போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் அவள் என்னிடம் நன்றாகப் பழகிவிட்டாள். என் மீசையைப் பிடித்துத்தான் தூங்குவாள். உன் சேலை தேவைப்படவில்லை.

சாந்தாமணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நாம் மாதம் ஒரு தரம் இங்கே. நானும் வருவேன். பீரோ இங்கேயே இருக்கட்டும், உனக்கு இரண்டு இடம் என்றாள்.

தொட்டில் ஆட்டும்போது வேறு வேலை இல்லை என்று நீ எழுதினாய். உண்மைதான். நானும் யோசித்தேன். முப்பத்தாறு வருஷத்தில் நீ என்னென்ன உடுத்தியிருந்தாய் என்று நினைத்துப் பார்த்தேன். கல்யாணத்தன்று உடுத்தியது தெரிகிறது. நான் துவைத்த சிவப்புக் கரைச் சேலை தெரிகிறது. நடுவில் ஒன்றும் தெரியவில்லை வள்ளி. ஒரு நாள் பாக்கியில்லாமல் என் கண் முன்னால்தான் இருந்தாய். மழை எப்போது பெய்தது, எந்த வருஷம் எந்தக் காட்டில் என்ன போட்டோம் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். இது தெரியவில்லை. அதனால்தான் அந்த ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு போனேன் போலிருக்கிறது.

நேற்று சாயங்காலம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வரலட்சுமி டீச்சர் மாடியில் நின்றேன். அவர்கள் பூப்பறித்தார்கள். வீட்டுக்காரர் பேப்பர் படிக்கவில்லை. பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அதற்கு மேலே அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆம்பளைக்குத்தான் அது தெரியும்.

வரும் வெள்ளிக்கிழமை காலை காந்திபுரத்தில் முதல் பஸ் ஏறுகிறேன். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவேன். பூவை எனக்காக விட்டு வை, பறித்துவிடாதே. தண்ணீரும் நானே விடுகிறேன். நீ அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பாத்தி நடுவில் சும்மா நின்றால் போதும்.

மயில்சாமி